எபிக்கில் நின்றுவிட்ட ஐவர்

கடந்த தீபாவளி விடுமுறைக்கு கியா பார்ம் திரும்பியிருந்தேன். மாலை ஐந்து மணிக்கே பனி இறங்கிவிட்டது. காய்கறிச் சந்தைக்குப் பின்புறம் ஒரு தகரக் கூரையின் கீழ் நாங்கள் நால்வர் கூடினோம். மூன்று மாதங்களுக்குப் பிறகு சந்திக்கும் நண்பர்கள்! "என்னடா, எப்ப வந்த?" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் நான்கு கைப்பேசிகளும் வெளியே வந்துவிட்டன. ஐந்தாவது இடத்திற்கு ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவன் சேர்ந்தான். இருபது நிமிடத்தில் தோற்றோம். "டேங்க் சரியில்லடா" என்றான் ஒருவன். 2018-லும் அவன் இதையேதான் சொன்னான். இன்னொருவன் இணையத்தைத் திட்டினான். அதுவும் பழைய வசவுதான். "இன்னொரு கேம்?" என்று கேட்டது நான். அதுவும் வழக்கம்தான்.

அந்த ஐந்தாவது இடத்துக்கு உரியவன் அப்போது நாற்பது அடி தள்ளி, தன் அப்பாவின் கடையில் சோளம் அவித்துக்கொண்டிருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

கியா பார்மைப் படத்தில் பார்த்தவர்களுக்குக் குளிரும் ஸ்ட்ராபெரியும் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையும் நினைவுக்கு வரலாம். அங்கே பிறந்த பையன்களுக்குப் பொழுதுபோக்கென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. திடல் இருக்கும், மழையும் இருக்கும். ஆகவே எங்கள் சொர்க்கம் பிரிஞ்சாங் பட்டணத்திலிருந்த ஒரு சி.சி. சைபர் கபேயை மலேசியாவில் வேறு எப்படிச் சொல்வார்கள்? காய்கறி ஏற்றிப் போகும் யாராவது ஒரு மாமாவின் லோரியில் தொற்றிக்கொண்டு இறங்குவோம். திரும்பி வருவதற்கு வேறொரு மாமா. அங்கே சீட்டு பிடித்து உட்கார்ந்திருந்த அண்ணன்மார்கள் ஆடியது டோட்டா. 2013-இல் மலேசியாவின் 'ஆரஞ்ச்' குழு, அமெரிக்காவின் சியாட்டலில் நடந்த உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்த கதையை அவர்கள் ஏதோ இராமாயணம் போலச் சொல்வார்கள். முஷி என்ற ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லும்போது குரலே மாறும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது எனக்கு மலாய் தட்டுத் தடுமாறித்தான் வரும். வகுப்பில் கையை உயர்த்த பயம். தவறாகப் பேசிவிட்டால் பின்வரிசையில் சிரிப்பு எழும். ஆனால் விளையாட்டில் நான்தான் தளபதி. "பின்னாடி வா", "இப்ப அடி", "விட்டுட்டு ஓடு" என்று தமிழில் கத்தினால் நான்கு பேர் கேட்டார்கள். அந்த வயதில் அது சிறிய விஷயமல்ல. எங்கள் ஐவர் கூட்டத்தை நான் எதற்காக அப்படி இறுகப் பிடித்துக்கொண்டேன் என்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2016-இல் 'மொபைல் லெஜண்ட்ஸ்' வந்தது. அடுத்த ஆண்டுக்குள் சி.சி.யை மறந்தோம். ஐவருக்கு ஐவர், மூன்று பாதைகள், எதிரியின் கோட்டையை உடைத்தால் வெற்றி. டோட்டாவின் பிள்ளை என்றே சொல்ல வேண்டும். அந்த டோட்டாவும் ஒரு நிறுவனம் திட்டமிட்டுப் பெற்ற பிள்ளையல்ல. 2002-இல் வெளிவந்த 'வார்கிராப்ட் 3' விளையாட்டோடு வரைபடம் தயாரிக்கும் கருவி ஒன்றும் வந்தது. ஆடியவர்கள் அதைக் கொண்டு தங்களுக்குப் பிடித்த மாதிரி வரைபடத்தை மாற்றினார்கள். ஒருவர் மாற்றியதை இன்னொருவர் மாற்றினார். அதை வேறொருவர் எடுத்து வளர்த்தார். ஆடுகிறவர்கள் சும்மா இருக்க மாட்டாமல் கை வைத்ததால் உண்டான விளையாட்டு அது! அந்தப் பரம்பரையில் வந்த நாங்கள் ஏழு ஆண்டுகளாக அதே பாதை, அதே வீரன், அதே வசனம்.

தெரியாதவர்களுக்காகத் தரநிலை முறையைச் சொல்லிவிடுகிறேன். வாரியர், எலிட், மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர், எபிக், லெஜண்ட், மித்திக் என்று படிகள் ஏறும். எபிக் என்ற படியில்தான் பெருங்கூட்டம் மாட்டிக்கொண்டு கிடக்கும். அதை 'எபிக் நரகம்' என்றே ஆடுபவர்கள் சொல்வார்கள். நாங்கள் அந்த நரகத்தின் நிரந்தரக் குடிமக்கள். எப்படியோ அடித்துப் பிடித்து லெஜண்டைத் தொட்டால் சீசன் முடிந்துவிடும். ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு முறை சீசன் மாறும். எல்லாரையும் சில படிகள் கீழே இறக்கிவிடுவார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பேச்சில் சொன்னால் கவ்வாத்து! தேயிலையை வெட்டாமல் விட்டால் அது மரமாகிவிடும். கை எட்டும் உயரத்தில் கொழுந்து கிடைக்காது. ஆகவே உயர விடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சுங்கை பாலாஸ் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் பாட்டியிடம் ஒரு நாள் இந்தச் சீசன் விவகாரத்தை விளக்கினேன். "அப்ப ஒங்கள யாருடா பறிக்கிறா?" என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்தேன்.

விளையாட்டே தேங்கிவிட்டது என்று பழி போடவும் முடியாது. 2019 நவம்பரில் அதன் முதல் உலகப் போட்டி கோலாலம்பூர் அசியாட்டா அரங்கில் நடந்தது. 2024-இல் ரியாத்தில் 'சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ்' குழு பட்டம் வென்று நம் நாட்டுக் கொடியைப் பிடித்து நின்றது. ஏறக்குறைய எங்கள் வயதுப் பையன்கள். அவர்கள் தோற்ற ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து எங்கே பிழை என்று தேடுவார்கள். நாங்கள் தோற்றால் டேங்க் சரியில்லை. அவ்வளவுதான்.

டேங்க் என்றால் முன்னால் நின்று அடி வாங்குபவன். எதிரியைக் கொன்ற பெருமை அவன் கணக்கில் ஏறாது. அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பவன் கணக்கில் ஏறும். எங்கள் கூட்டத்தின் டேங்க், எங்களில் கடைக்குட்டி. என்னைவிட இரண்டு வயது இளையவன். அப்பாவுக்குக் கொஞ்சம் காய்கறி நிலம், சந்தையில் ஒரு சிறு கடை. அவன் டிக்ரியலை எடுத்துக்கொண்டு முன்னால் போவான். நான் மியாவை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து அம்பு விடுவேன். பெயர் எனக்கு வரும்.

2019-இல், படிவம் இரண்டு படித்துக்கொண்டிருந்த அவன் ஒரு நாள் என்னிடம் வந்து, "அண்ணே, வேற ஒரு கேம் இருக்கு, பாக்கிறீங்களா?" என்றான். 'ஸ்டார்டியூ வேலி.' எரிக் பாரோன் என்ற ஒரே ஆள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து வரைந்து, எழுதி, இசையும் அமைத்து 2016-இல் வெளியிட்ட விளையாட்டு. தாத்தா விட்டுப்போன பாழ்நிலத்தை ஒருவன் திருத்துகிறான். விதை போடுகிறான், தண்ணீர் ஊற்றுகிறான், ஊராரிடம் பேசுகிறான். ஒரு முறை காசு கொடுத்து வாங்கினால் போதும். இணையம் தேவையில்லை, பனிமூட்டத்திலும் மழையிலும் அலைவரிசை போனாலும் கவலையில்லை.

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். "வீட்டுல கோஸ் நடறது பத்தாதாடா? போன்லயும் நடணுமா?" என்று கேட்டவன் சாட்சாத் நான்தான். மற்றவர்கள் அவனுக்குக் 'கெபுன்' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு டிக்ரியலை எடுத்தான்.

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளி மூடிவிட்டார்கள். எங்களுக்கோ கொண்டாட்டம்! பகலும் ஆட்டம், இரவும் ஆட்டம். உண்மையைச் சொன்னால் எங்கள் குழுவின் பொற்காலம் அதுதான். அதே நாள்களில் கேமரன் மலையில் என்ன நடந்தது என்பது செய்தியிலேயே வந்தது. சந்தைகள் முடங்கின, லோரிகள் ஓடவில்லை, பறித்த காய்கறியை வாங்க ஆளில்லை. தக்காளியும் கோஸும் கீரையும் டன் கணக்கில் குழியில் கொட்டப்பட்டன. செய்தியில் பார்ப்பானேன்? வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாலே தெரிந்தது. சில நாள்களில் வாடையே வந்தது.

கடைக்குட்டி இரவு ஒன்பது மணி ஆட்டத்துக்கு வராமல் போனான். வந்தாலும் பாதியில் எழுந்து போனான். வேலையாள் இல்லாததால் அவனும் அவன் அப்பாவும்தான் பறித்தார்கள், அவர்களேதான் கொட்டினார்கள். அது எனக்குத் தெரியாது என்று எழுத ஆசைதான். தெரியும். நான் அவனுக்கு அனுப்பிய குறுஞ்செய்தி இன்னமும் என் பழைய கைப்பேசியில் இருக்கிறது: "லெஜண்டுக்கு இன்னும் ரெண்டு ஸ்டார்தான். நீ ஒழுங்கா வர மாட்டேங்கிற. நாளைலேருந்து வேற டேங்க் பாத்துக்கிறோம்." அவன் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான். அந்த வாரமே லெஜண்டைத் தொட்டோம். சீசன் முடிந்தது. மறுபடியும் எபிக்.

அதன் பிறகு ஐந்தாவது இடத்துக்கு யார் யாரோ வந்தார்கள், போனார்கள். நாங்கள் நால்வரும் தொடர்ந்தோம். எஸ்.பி.எம். முடிந்தது, நான் பல்கலைக்கழகம் வந்தேன். ஒருவன் சிங்கப்பூரில் வேலைக்குப் போனான். பெருநாள் விடுமுறையில் கூடினால் வீட்டைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ஒருவனுடைய அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததே எனக்கு ஐந்து மாதம் கழித்து என் அம்மா சொல்லித்தான் தெரியும். இத்தனைக்கும் அந்த ஐந்து மாதமும் அவனோடு வாரம் மூன்று இரவு ஆடியிருக்கிறேன்!

என்னை உலுக்கியது, விடுதியில் ஓர் அக்கா தன் மடிக்கணினியில் காட்டிய இன்னொரு விளையாட்டு. பெயர் 'வெண்பா'. கனடாவின் டொரொண்டோவிலுள்ள 'விசை கேம்ஸ்' 2023 ஜூலையில் வெளியிட்டது. மறு ஆண்டு பிரிட்டனின் பாப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வானது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா என்ற பெண், தன் அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி ஊற்றுகிறாள், புட்டு அவிக்கிறாள். அழிந்துபோன வரிகளை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். மகன் கவின் வளர வளரத் தமிழை விட்டு விலகுகிறான். பின்னொரு நாள் அதே குறிப்பேட்டை எழுத்துக்கூட்டிப் படித்துச் சமைக்க முயல்கிறான். இதில் தரநிலை இல்லை, எதிரி இல்லை. இட்லி கெட்டுப்போனால் மறுபடி ஊற்றலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. முடித்ததும் அந்த அக்கா தன் அம்மாவுக்கு அழைத்துப் பேசினார். எனக்கு ஏனோ கட்டைவிரல் படம்தான் கண்முன் வந்தது. 'வேற ஒரு கேம் இருக்கு, பாக்கிறீங்களா' என்றவனிடம் 2019-இலேயே கைப்பேசியை வாங்கிப் பார்த்திருக்கலாமே!

ஆக, அந்தத் தீபாவளி விடுமுறைக்கு வருவோம். இரண்டாவது ஆட்டமும் தோற்றது. நண்பர்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நான் சோளக் கடைக்கு நடந்தேன். பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று தெரியாமல், "ஒரு சோளம் எவ்வளவு?" என்று கேட்டுவைத்தேன்.

"ஒங்களுக்கு என்னண்ணே காசு" என்றான்.

சோளத்தைத் தின்றபடி, "இன்னும் அந்தத் தோட்ட கேம் ஆடுறியா?" என்றேன். அவன் என் முகத்தை ஒரு கணம் பார்த்தான். கேலிக்கா கேட்கிறேன் என்று பார்த்திருக்க வேண்டும். பிறகு கையைத் துண்டில் துடைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துக் காட்டினான். பதினான்காவது ஆண்டில் இருந்தது அவன் தோட்டம். வரிசை வரிசையாக வாய்க்கால், பழமரம், கோழிக் கூண்டு... ஒரு மூலையில் சின்னதாகக் கடை மாதிரி மேசைகள்.

"இதுல ஸ்ட்ராபெரி வசந்த காலத்துல மட்டும்தாண்ணே காய்க்கும். விதையும் ஒரே ஒரு திருவிழாவுலதான் விப்பான். இங்க வருசம் பூராவும் காய்க்குது பாருங்க, அவனுக்குத் தெரியல" என்று சிரித்தான். பிறகு வீட்டு வாசலில் இருந்த மரப்பெட்டியைத் தொட்டுக் காட்டினான். "விளஞ்சத எவ்ளோ இருந்தாலும் இதுக்குள்ள போட்டுட்டுத் தூங்கிரலாம். காலைல காசு வந்துரும். வாங்க ஆளில்லன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டான்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அண்டாவிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"அந்த மார்ச்சு மாசம் பகல்ல குழில கொட்டுவோம். ராத்திரி இதுல வந்து நட்டு, இந்தப் பெட்டில போடுவேன். அப்பா ஒரு நாள் எட்டிப் பாத்தாரு. திட்டுவாருன்னு நெனச்சேன். கோஸ் என்ன வெலை போவுதுன்னு கேட்டாரு."

"நான் அனுப்புன மெசேஜ்..." என்று தொடங்கினேன்.

"விடுங்கண்ணே. நெசமாவே எனக்கு அப்ப டேங்க் சரியா வரல" என்றான். அதை அவன் ஆறுதலுக்குச் சொன்னானா, குத்திக் காட்டினானா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதற்குள் ஒரு சுற்றுப்பயணக் குடும்பம் வேனிலிருந்து இறங்கி ஆறு சோளம் கேட்டது. அவன் கைப்பேசியை என் கையில் திணித்தான்.

"புடிங்கண்ணே. கடைல போயி விதை வாங்கி அந்தக் கடைசி வரிசைல நட்டு வைங்க. இருட்டுறதுக்குள்ள முடிக்கணும்."

நான் அவனுடைய சின்ன உருவத்தை வழி தெரியாமல் முட்டி மோதி ஊருக்குள் ஓட்டிப் போனேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி எப்படியோ கடையைக் கண்டுபிடித்தேன். கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். திறக்கவில்லை.

"டேய், கடை பூட்டியிருக்கு!" என்று கத்தினேன்.

சோளத்தைப் பையில் போட்டுக்கொண்டே அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னிக்கு அங்க பொதங்கெழமண்ணே. பொதன்ல அந்தக் கடை லீவு."