வளைந்த தட்டு நிமிரும்போது

அமிழும் புவித்தட்டின் உள்ளே நிலவும் தகைவை, அதாவது பாறையின் ஒரு பகுதி அடுத்த பகுதியின் ஓரலகுப் பரப்பின்மீது செலுத்தும் விசையை, நூறு கிலோமீட்டர் ஆழத்தில் நேரடியாக அளக்கும் கருவி இல்லை என்பதால், பாறை உடைந்த விதத்திலிருந்து அதை உடைத்த விசையை உய்த்துணர்வதே நில அதிர்வியலாளரின் தொழிலாயிற்று. நிலநடுக்கத்தின் முதல் அலை ஒவ்வொரு நிலையத்திலும் தரையை மேலே தள்ளியதா, கீழே இழுத்ததா என்று தொகுத்துப் பார்த்தால், பிளவு எத்திசையில் நழுவியது என்பதும், அதிலிருந்து பாறை நெருங்கும் திசையான அழுத்த அச்சும் நீளும் திசையான இழுவை அச்சும் கிடைக்கும். ஆனால் முன்பே பலவீனமாயிருந்த பிளவு நழுவினால் இந்த அச்சுகள் உண்மையான தகைவின் திசையிலிருந்து பெரிதும் விலகியிருக்கலாம் என்று புவி இயற்பியலாளர் டான் மெக்கென்சி 1969இல் காட்டினார். கைப்பழக்கம் ஏற ஏற எளிதில் மறந்துபோகும் எச்சரிக்கை இது.

வடகிழக்கு ஜப்பானுக்கு அடியில் அமிழும் பசிபிக் தட்டில் நிலநடுக்கங்கள் 30 முதல் 40 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு தளங்களில் நிகழ்வதைத் தோஹோக்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970களில் கண்டறிந்தனர். மேல்தளத்தில் தட்டு தன் சரிவின் வழியே நெருக்கப்படுகிறது. கீழ்த்தளத்தில் அதே சரிவின் வழியே இழுபடுகிறது. வளைந்த தட்டின் புறப்பக்கமான மேற்பகுதி இழுபட வேண்டும் என்று எண்ணிப் பழகியவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் நெருப்பில் வாட்டி வளைத்த பிரம்பை மீண்டும் நிமிர்த்தும்போது, முன்பு நீண்ட புறப்பக்கமே இப்போது நெருங்குகிறது. எனவே தட்டின் வளைவைவிட, அவ்வளைவு கூடுகிறதா குறைகிறதா என்பதே தகைவின் வகையைத் தீர்மானிக்கிறது. கடல் அகழிக்கு வெளியே தட்டு வளையத் தொடங்கும் இடத்தில் மேற்பகுதி இழுபட்டுக் கிழிகிறது என்பதற்கு ஜப்பானின் 1933ஆம் ஆண்டு சான்ரிக்கு நிலநடுக்கம் பெருஞ்சான்று; அதே பாறை அகழியைத் தாண்டி ஆழத்தில் நிமிரும்போது நெருக்கத்துக்கு உள்ளாகிறது.

அந்த ஆழத்தின் பேரழுத்தத்தில் பாறை உடையவே கூடாது. நீரேறிய கனிமங்கள் சூடாகி வெளிவிடும் நீரே உடைவுக்கு வழிசெய்கிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அந்நீரின் ஒரு பகுதி, அகழியோரத்தில் திறந்த பிளவுகளின் வழியே இறங்கிய கடல்நீராக இருக்கக்கூடும். அப்படியானால் ஆழத்தில் நழுவுவதும் அந்தப் பழைய பிளவுகளாகவே இருக்கலாம். அப்போது பதிவிலிருந்து கிடைக்கும் அச்சுகளில் எவ்வளவு இன்றைய தகைவுக்குரியது, எவ்வளவு பழைய கிழிசலுக்குரியது என்பதை ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் தனித்தனியே ஆராய வேண்டியிருக்கிறது.