பீன்யா: நான்கு பருவ நீர்க்குறிப்பு

ஜனவரி

பெங்களூருவின் வடமேற்கில் 1970களின் பிற்பகுதியில் எழுந்தது பீன்யா தொழிற்பேட்டை. அங்குள்ள மின்முலாம் பட்டறைகளின் கழிவால் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனாலும் மண்ணில் ஊறியது போவதில்லை. ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, லட்சம் டன்னுக்கும் மேலான கழிவுமேடு அதற்குச் சாட்சி. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நீர்மட்டத்தை ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. மாசுபட்ட இடத்தில் நீரின் தரத்துக்கும் இதே நாள்காட்டி வேண்டும்.

மே

நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் காலம். போர்வெல் குழாயில் தேங்கிய பழைய நீரை இறைத்துக் கொட்டி, அமில-காரத்தன்மையும் மின்கடத்துதிறனும் ஒரே அளவில் நின்ற பிறகே மாதிரி எடுக்க வேண்டும். மொத்தக் குரோமியத்தை அளப்பதற்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். நச்சு மிகுந்த அறு இணைதிறன் குரோமியத்துக்கான புட்டியில் அதைச் சேர்க்கவே கூடாது. அமிலத்தில் அது மூவிணைதிறன் வடிவுக்கு மாறிவிடக்கூடும், கெட்ட நீர் நல்ல நீராகக் கணக்கில் ஏறும். அந்தப் புட்டி பனிக்கட்டியில் வைக்கப்பட்டு ஒரு நாளுக்குள் சோதிக்கப்பட வேண்டும் என்பது பழைய விதி. பெங்களூரு போக்குவரத்தில் அது லேசான நிபந்தனை அல்ல. இந்தியத் தரநிர்ணயத்தின்படி குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

ஆகஸ்ட்

தென்மேற்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறத் தொடங்குகிறது. ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளின் மட்டத்தையாவது ஒப்பிட்டால், நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரியும். மேட்டுப்பக்கம் மாசு எட்டாத கிணறு ஒன்று இல்லையென்றால், மற்ற எண்களை எதனோடு ஒப்பிடுவது?

நவம்பர்

மழை மாசை நீர்க்கச் செய்யும் என்பதே பொது எண்ணம். நேர்மாறாகவும் நடக்கும்: கோடையில் காய்ந்து கிடந்த மண்ணடுக்கில் தங்கிய குரோமியத்தை உயர்ந்து வரும் நீர் கரைத்துக்கொள்கிறது. ஆகவே நவம்பரை நவம்பரோடும் மே மாதத்தை மே மாதத்தோடும் வைத்துப் பல ஆண்டுகள் பார்த்தால்தான் போக்கு பிடிபடும். ஒரு முறை எண் இறங்கியதைச் சுத்தமாகிவிட்டதற்கு அடையாளமாகக் கொள்ள முடியாது.

இங்கே அடியில் இருப்பது நைஸ் பாறை. நீர் அதன் வெடிப்புகள் வழியே ஓடுவதால், அருகருகே உள்ள இரு போர்வெல்களே வெவ்வேறு அளவைக் காட்டலாம். ஆழமான போர்வெல் பல வெடிப்புகளின் நீரைக் கலந்து தருவதால், மாசுள்ள மேல்வெடிப்பு அதில் மறைந்துபோகும். இதைத் தவிர்க்க ஆழத்துக்கு ஒன்றாகத் தனிக் கண்காணிப்புக் குழாய்கள் இறக்குகிறார்கள். வற்றிக் கைவிடப்பட்ட போர்வெல் இன்னும் மோசம். மேலேயுள்ள கெட்ட நீர் கீழே இறங்க அதுவே வழியாகிறது. அதைச் சிமென்ட் பாலோ பென்டோனைட் களிமண்ணோ நிரப்பி அடியிலிருந்தே அடைக்க வேண்டும்.