காட்டுப்பாக்கத்துத் தூண் ஏன் சாய்ந்தது?

நூம்பலில் நான் இருக்கும் வீட்டிலிருந்து காட்டுப்பாக்கம் பக்கம்தான். மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் மெட்ரோவுக்காக எழுப்பிய தூண்களைத் தினமும் பார்க்கிறேன். நூல் பிடித்த மாதிரி நிற்பவை. ஒரு குறும்படத்துக்காக என் மானிட்டருக்கு வந்த ஷாட்டில் அதே தூண்கள் சாய்ந்து நின்றன.

ஓடும் காரின் ஜன்னல் வழியே எடுத்த ஷாட் அது. ஒரு தூணில் கணினியில் செய்த பெரிய பலகையை மாட்ட வேண்டும். அதற்கு முதலில் மேட்ச்மூவ் செய்ய வேண்டும். காட்சியில் உள்ள புள்ளிகளை ஃபிரேம் ஃபிரேமாகத் தொடர்ந்துபோய், கேமரா எங்கே இருந்தது, எப்படி நகர்ந்தது என்று மென்பொருள் கணக்குப் போடும். போட்டது. பலகையை மாட்டினேன். அடிப்பக்கம் தூணோடு ஒட்டி வந்தது, மேல் விளிம்பு நழுவியது. புள்ளிகளை மாற்றிப் பார்த்தேன். இப்போது மேலே ஒட்டியது, கீழே நழுவியது. லென்ஸின் வளைவுதான் காரணம் என்று நினைத்து மூன்று நாள் அதையே திருத்திக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மூத்தவர் ஒருவருக்கு போன் செய்தேன். "தம்பி, லென்ஸை விடு. கேமரா ஷீட்ல ரீட்-அவுட் டைம் எழுதியிருக்காங்களா பாரு" என்றார். ஷீட்டில் லென்ஸ் இருந்தது, உயரம் இருந்தது, ஷட்டர் கோணம் இருந்தது. அவர் கேட்டது இல்லை.

அங்கிருந்துதான் என் தேடல் தொடங்கியது. இன்றைய சினிமா கேமராக்களில் பெரும்பாலானவற்றில் சீமாஸ் சென்சார்தான். அது முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பார்ப்பதில்லை. மேல் வரியில் தொடங்கி, வரி வரியாக வாசித்துக்கொண்டு கீழே இறங்கும். அடிவரிக்கு வந்து சேர்வதற்குள் கார் நகர்ந்துவிடுகிறது. ஆகவே தூணின் உச்சி ஒரு கணத்தைச் சேர்ந்தது, அடி இன்னொரு கணத்தைச் சேர்ந்தது. 'ஒரு ஃபிரேமுக்கு ஒரு கேமரா நிலை' என்று நம்பிக் கணக்குப் போடும் மென்பொருள் இங்கேதான் ஏமாந்தது.

மேல் வரிக்கும் அடிவரிக்கும் உள்ள இந்த நேர வித்தியாசம்தான் ரீட்-அவுட் டைம். அதை அளக்க அந்த மூத்தவரே ஒரு வழி சொன்னார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். அதே மாடல் கேமராவை ஒருநாள் இரவல் வாங்கி வந்தேன். படப்பிடிப்பில் வைத்த அதே மோடில், ஷட்டரை 1/1000க்கு வைத்து, ட்யூப்லைட் வெளிச்சம் விழும் சமையலறைச் சுவரை எடுத்தேன். வெள்ளைச் சுவரில் கறுப்புப் பட்டைகள் படுக்கைவாட்டில் விழுந்தன. ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 மில்லிசெகண்ட். படத்தின் உயரத்துக்குள் அந்த இடைவெளி ஒன்றரைக்குச் சற்று மேல் அடங்கியது. சுமார் 16 மில்லிசெகண்ட். கண்ணில் தெரியாத ஒன்றைச் சுவரில் எண்ணிப் பார்த்த அந்த இரவை மறக்க மாட்டேன்.

இனிக் கணக்கு எளிது. ஷாட்டின் அகலம் 4096 பிக்சல். பக்கத்துத் தூண் 2 விநாடியில் கடக்கிறது, அதாவது 16 மில்லிசெகண்டில் 33 பிக்சல். அவ்வளவும் சாய்வு. ட்ராக்கிங்கில் ஒரு பிக்சல் பிசகினாலே கண்ணுக்கு உறுத்தும். தூரத்து அடுக்குமாடியோ கடக்க 10 விநாடி எடுத்துக்கொள்கிறது, அதன் சாய்வு 7 பிக்சல்கூட இல்லை. எனவே படத்தை மொத்தமாக ஒரு பக்கம் இழுத்து நிமிர்த்திவிடலாம் என்பது கார் ஷாட்டில் நடக்காது. கேமரா நின்ற இடத்திலேயே திரும்பியிருந்தால் ஒருவேளை நடக்கும். ஷட்டர் கோணத்தைக் குறைத்தால் சரியாகும் என்று செட்டில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தவறு. மங்கல் குறையும், சாய்வு அப்படியே இருக்கும்.

இந்தச் சாய்வு எப்போது நம் சினிமாவுக்குள் வந்தது? 2004இல் பி.சி. ஸ்ரீராமின் 'வானம் வசப்படும்', 2005இல் கமல்ஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' எனத் தமிழில் டிஜிட்டல் முயற்சிகள் முன்பே உண்டு. அந்தக் காலத்து எச்.டி. சினிமா கேமராக்களில் பெரும்பாலும் சிசிடி சென்சார்தான் இருந்தது. அது ஃபிரேம் முழுவதையும் ஒரே கணத்தில் பிடித்துவிடும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் 1990களில் எரிக் ஃபாசம் குழு வளர்த்த சீமாஸ் வழி, குறைந்த மின்சாரத்தில், குறைந்த செலவில் வேலை செய்தது. அந்த வகை சென்சாரோடு 2007இல் வந்த ரெட் ஒன் கேமராவில் 'அச்சமுண்டு அச்சமுண்டு', 'உன்னைப்போல் ஒருவன்' இரண்டும் எடுக்கப்பட்டு 2009இல் வெளிவந்தன. சிசிடியைக் கண்டுபிடித்த பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் அதே 2009இல்தான். ஒன்று மேடையேறும்போது மற்றொன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

டிஜிட்டலோடு பிறந்த குறை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதுவும் சரியில்லை. நூறாண்டுக்கு முன் பிரான்சில் ஜாக் லார்டிக் எடுத்த பந்தயக் கார் படத்தைப் பாருங்கள். சக்கரம் முட்டை வடிவில் முன்னால் சாய்ந்திருக்கும், ஓரத்தில் நிற்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அவருடைய ஷட்டர் பிலிமுக்கு முன்னால் நகர்ந்துபோகும் ஒரு குறுகிய பிளவு. அதுவும் படத்தைப் பகுதி பகுதியாகத்தான் பார்த்தது. நம் பிலிம் கேமராக்களின் சுழலும் ஷட்டரும் ஒரு பக்கத்திலிருந்துதான் திறந்து மூடியது.

ஆக, சாய்வு கேமராவின் பழைய இயல்பு. அதன் மேல் பொருளை ஒட்ட வந்தபோதுதான் நமக்கு அது தொல்லையானது. த்ரீடி ஈக்வலைசர் போன்ற மென்பொருளில் அந்த மில்லிசெகண்டை எழுத ஓர் இடமே உண்டு. 16 என்று எழுதினேன். மறுபடி சால்வ் செய்தேன். பிறகு பலகையையும் அதே அளவு சாய்த்து ரெண்டர் எடுத்ததும், அடியும் உச்சியும் தூணோடு சேர்ந்து நகர்ந்தன.

உதவி ஒளிப்பதிவாளர் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மோடை மாற்றினால் ரீட்-அவுட் நேரமும் மாறக்கூடும். ஷீட்டில் லென்ஸுக்குக் கீழே ஒரு வரி சேர்த்து அதை எழுதுங்கள். தெரியாவிட்டால், பேக்-அப் சொல்வதற்கு முன் ஒரு சோக் ட்யூப்லைட் வெளிச்சத்தைப் பத்து விநாடி எடுத்து ஃபுட்டேஜோடு சேர்த்து அனுப்புங்கள். எண்ணிக்கொள்வது எங்கள் வேலை.