அப்பத்தா வீட்டுச் சுவர்

முதலாம் ஆண்டு முடிந்து விடுமுறைக்கு வந்தபோது, ஒரு சின்னச் சொட்டுப் புட்டியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்டுவந்திருந்தேன். கல்லூரி ஆய்வகத்தில் யாரிடமும் கேட்காமல் எடுத்தது. கீழக்கரைக்குக் கிழக்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அப்பத்தா வீடு. பின்சுவரில் காரை உதிர்ந்து கல் தெரிகிற இடத்தில் ஒரு சொட்டு விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. இன்னொரு சொட்டு விட்டேன். மறுபடி நுரை.

"ஏத்தா, செவுத்த ஏன் பொசுக்குற?"

"என்ன கல்லுன்னு பாக்குறேன் அப்பத்தா."

"இதப் படிக்கத்தான் திருச்சிக்குப் போனியா? என்னையக் கேட்டாச் சொல்ல மாட்டேனா? உங்கய்யா வெட்டியாந்த கல்லு."

நான் படித்தது ஜியாலஜி. ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு. புவியியல் என்றால் மேப்பில் ஊர் குறிப்பது என்பார்கள். நிலவியல் என்றால் பட்டா, சிட்டா விஷயமா என்று கேட்பார்கள். கல்லைப் பற்றிப் படிக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "நம்ம ஊர்ல ஏது கல்லு?" என்றார்கள். அது நியாயம்தான். எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் மணல், அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். அதற்கும் கீழே ஆயிரக்கணக்கான மீட்டருக்கு வண்டல்தான். வழுதூர் மின்நிலையத்தில் எரிகிற எரிவாயு அந்த அடுக்குகளிலிருந்து வருவது. ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்தில் வரிசையாக நிற்கிற கருங்கல் தூண்களில் ஒன்றுகூட அந்தத் தீவின் கல் இல்லை. எல்லாம் வெளியிலிருந்து வந்து இறங்கியவை.

வகுப்பில் முதல் வாரமே கனிமத்துக்கு இலக்கணம் சொன்னார்கள். இயற்கையாக உண்டாகியிருக்க வேண்டும், திடமாக இருக்க வேண்டும், உயிர்ப்பொருளாக இருக்கக் கூடாது, குறிப்பிட்ட வேதிச் சேர்மமும் ஒழுங்கான அணு அடுக்கும் வேண்டும். கனிமங்கள் சேர்ந்தால் பாறை. குழம்பு உறைந்தால் தீப்பாறை, படிந்து இறுகினால் படிவுப்பாறை, வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறினால் உருமாறிய பாறை. நான் நோட்டில் எழுதிக்கொண்டே அப்பத்தா வீட்டுச் சுவரை யோசித்தேன். அந்தக் கல்லில் குட்டிக் குட்டி நட்சத்திரங்கள் இருக்கும். சின்ன வயதில் ஒவ்வொன்றிலும் ஈர்க்குச்சியை விட்டு எண்ணியிருக்கிறேன். ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு பவள உயிரி உட்கார்ந்திருந்த இடம்.

பவளப் பூச்சி கடல்நீரிலிருக்கும் கால்சியத்தை எடுத்துத் தனக்கொரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. அந்தக் கிண்ணம் அரகோனைட் என்ற கனிமம், கால்சியம் கார்பனேட். கால்சைட்டும் இதே சரக்குதான், அணுக்கள் அடுக்கியிருக்கிற விதம்தான் வேறு. நாளானால் அரகோனைட் மெல்லக் கால்சைட்டாக மாறிவிடும். அப்படியானால் உயிர் கட்டியது கனிமமா இல்லையா? கேட்டேன். "சில பேரு சேத்துக்குவாங்க, சில பேரு சேத்துக்க மாட்டாங்க" என்றார் பேராசிரியர். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது.

ஐயாவை எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. அப்பத்தா சொல்லித்தான் தெரியும். நீர் வற்றுகிற நேரம் பார்த்து வள்ளத்தில் போவார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்று கடப்பாரையால் பேர்ப்பார்கள். காலெல்லாம் கிழிந்து, உப்புப் புண் ஆறாமல் கிடக்குமாம். நல்ல கல் வீடு கட்ட, மிச்சம் சுண்ணாம்புக் காளவாய்க்கு. நூறு கிலோ கல்லை 900 டிகிரிக்கு மேல் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாக வானத்துக்குப் போய்விடும். அந்தச் சுண்ணாம்பைத் தாளித்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக் கல்லாகிறது. இதை நான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அப்பத்தாவிடம் விளக்கினேன். "ஆமா, சுண்ணாம்புச் செவுரு நாளாக ஆக இறுகும்ல" என்று சொல்லிவிட்டுக் கோழிக்குத் தவிடு வைக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி நான்தான் தேவையில்லாமல் ஆரம்பித்தேன். எத்தனை கல் வெட்டியிருப்பார்கள் என்று கேட்டேன்.

"யாரு எண்ணுனா? வெட்ட வெட்ட வளரும்னு சொல்லுவாக. கடல்ல கெடக்குறது உசுருள்ள கல்லுதானே."

வளரும். அதில் பொய்யில்லை. மான்கொம்பு மாதிரிக் கிளைக்கிற வகை வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். ஆனால் சுவருக்கு ஆகிற உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். மரத்துக்கு வளையம்போல அதற்குள்ளும் ஆண்டு வரிகள் உண்டு, எக்ஸ்ரே எடுத்தால் எண்ணலாம். முழங்கால் உயரக் கல் என்றால் ஐம்பது வயசு. ஐயா கடப்பாரையைப் போட்ட கற்களில் பல, ஐயாவைவிட மூத்தவை. இதைச் சொன்னேன்.

அப்பத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் காசுலதான் உங்கப்பனுக்கு வலை வாங்குனது. வலைக் காசுலதான் நீ படிக்கிற" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை இருந்த 21 தீவுகளையும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போயின, புலிக்குச் சமமாக. 21 என்று பாடப் புத்தகத்தில் இருந்தாலும் இரண்டு முழுகிவிட்டன: விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி. இந்தத் தீவுகள் மலை முகடுகள் அல்ல. பவளத்திட்டுக்குப் பின்னால் பவள மணலும் சிப்பித்தூளும் குவிந்தவை. திட்டு அலையை உடைக்கிற வரைதான் மணல் நிற்கும். திட்டை வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்தபின் அலை நேராக வரும்.

பூவரசன்பட்டி எங்கள் பக்கத்துத் தீவு. "கல்யாணமான புதுசுல உங்கய்யா கூட்டிட்டுப் போனாக. அங்கன உக்காந்து கஞ்சி குடிச்சிருக்கோம்" என்றார் அப்பத்தா. இப்போது எங்கே என்று அப்பாவிடம் கேட்டேன். மறுநாள் மீனுக்குப் போய்த் திரும்பியவர், "அங்க அலை மட்டும் வெள்ளையா ஒடையும், அதான் அடையாளம்" என்றார்.

தனுஷ்கோடிக்கு வருகிறவர்கள் மிதக்கும் கல்லைத்தான் கேட்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவரை யாரும் பக்கத்தில் போய்ப் பார்ப்பதில்லை. அதுவும் பவளக் கல்தான். நான் போனபோது தொட்டுப் பார்த்தேன், அதே நட்சத்திரங்கள். அமிலத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் கல்லக்குடிக்குக் கூட்டிப்போனார்கள். கடலிலிருந்து அவ்வளவு தள்ளி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் சுவரில் பவளம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்திருக்கிறது. வெட்டிய கல் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. பெல்ட்டில் கல் நகர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன், பஸ் ஹாரன் அடிக்கும் வரை.

போன தையில் அப்பா பின்சுவரைச் சிமெண்ட் வைத்துப் பூசினார். உப்புக் காற்றுக்கு இனித் தாங்காது என்றார், அதுவும் சரிதான். ஒரு கை அகலம் மட்டும் பூசாமல் விடச் சொன்னேன். கொத்தனாருக்குப் புரியவில்லை. "மழைத்தண்ணி எறங்குமே தங்கச்சி" என்று கரண்டியை அந்தப் பக்கமே கொண்டுபோனார். அப்பத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்து அந்த இடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். கொத்தனார் சாயங்காலம் சட்டியைக் கழுவிவிட்டுக் கிளம்புகிற வரை எழுந்திருக்கவில்லை.