தனிக்கேமரா

ஃபிலிம் காலத்து எஸ்.எல்.ஆர். கேமராக்களிலும் மேல்தட்டு, நடுத்தட்டு, அடித்தட்டு என்று இருந்தது. வந்தவாசியில் ஒரு ஸ்டூடியோவில் லைட் பிடிக்கும் பையனாக இருந்தபோது அதைத் தெரிந்துகொண்டேன்.

நிக்கானை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1980இல் வந்த எஃப்3 பத்திரிகைக்காரர்களுக்கான மேல்தட்டு. 1982இல் வந்த எஃப்.எம்.2 நடுத்தட்டு. 1995இல் வந்த எஃப்.எம்.10 அடித்தட்டு. அதைச் செய்து கொடுத்ததே கொசினா என்ற வேறொரு ஜப்பான் கம்பெனி. நிக்கான் பெயர் மட்டும் போட்டுக்கொண்டது.

கூடுதல் காசுக்கு என்ன கிடைத்தது? எஃப்3இன் வ்யூஃபைண்டரில் தெரிவதுதான் ஃபிலிமில் முழுதாக விழும். மற்ற இரண்டிலும் ஓரம் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாது. எஃப்.எம்.2இன் ஷட்டர் நொடியில் 4000இல் ஒரு பங்கு வரை ஓடும், உடம்பு உலோகம். எஃப்.எம்.10இன் உடம்பு பிளாஸ்டிக், வேகம் 2000இல் ஒரு பங்கு. எஃப்3இன் உச்ச வேகமும் அதே 2000தான்! பேட்டரி செத்தால் எஃப்3இல் ஒரே ஒரு வேகம்தான் மிஞ்சும். மலிவான எஃப்.எம்.10இல் மீட்டர் மட்டும் நிற்கும், ஷட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

முக்கியமானது இது: ஒரே லென்ஸை மூன்றிலும் மாட்டலாம். அதே லென்ஸ், அதே ஃபிலிம், அதே வெளிச்சம் என்றால் படமும் அதேதான். கேமரா உடம்பு என்பது ஓர் இருட்டுப் பெட்டி.

ஆனால் ஸ்டூடியோவில் கேமராவின் தட்டு ஆட்களின் தட்டாக மாறியது. ஊர்க்காரர் கல்யாணத்துக்கு நல்ல கேமரா. காலனிக் கல்யாணத்துக்கு, “அந்தப் பழசை எடுத்துட்டுப் போடா, அது போதும்.” வந்தவாசி சட்டமன்றத்துக்குத் தனித்தொகுதி, ஸ்டூடியோவில் எங்களுக்குத் தனிக்கேமரா. இரண்டு ஆல்பத்தையும் பக்கத்தில் வைத்தால் எது எந்தக் கேமரா என்று முதலாளிக்கே தெரியாது.

எல்லாத் தட்டுக்கும் பொதுவாக ஒரு குறை இருந்தது. எதைக் காட்டினாலும் அது 18 சதவீதச் சாம்பல் நிறம் என்றே மீட்டர் கணக்குப் போடும். வெள்ளைச் சுவர் முன் வெள்ளை வேட்டியோடு நிற்கும் கறுத்த மனிதரை எடுத்தால் சுவர் சாம்பலாகும், முகம் கரியாகும். கழுவிப் பிரிண்ட் போடும் இடத்திலும் இதே கதை. நிறம் சரிபார்க்க கோடக் பல்லாண்டு காலம் கொடுத்த ‘ஷெர்லி’ அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். நம் முகம் யாருக்கும் அளவுகோலாக இருக்கவில்லை.

அதற்கு மருந்து விலை உயர்ந்த கேமராவில் இல்லை. முகத்துக்குப் பக்கத்தில் போய், முகத்தில் மீட்டர் பார்த்து, அந்த அளவை மாற்றாமல் பின்னால் வந்து எடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதற்கு அந்த மனிதரின் பக்கத்தில் போகும் மனசு வேண்டும்.

பிறகு இயக்கத்துக்கு வந்து, வன்கொடுமை நடந்த ஊர்களுக்குப் போனபோது என் கையில் இருந்தது எஃப்.எம்.10தான். எரிந்த குடிசையின் கரிச்சுவரை மீட்டர் சொன்னபடி எடுத்தால் வெளுத்துவிடும்; ஒரு ஸ்டாப் குறைத்து எடுப்பேன். அதன் முன் நிற்கும் அம்மாவுக்கு மறுபடி முகத்தில் அளவு பார்ப்பேன். 36 படம்தான், வீணாக்க முடியாது. நீதிமன்றத்தில் என்ன மாடல் என்று யாரும் கேட்கவில்லை. நெகட்டிவ் எங்கே, எடுத்தவர் யார் என்றுதான் கேட்டார்கள்.

நல்ல கேமரா வாங்கிவிட்டு ஆவணப்படுத்தலாம் என்று காத்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன்: கையில் இருக்கும் போன் போதும். பக்கத்தில் போங்கள். முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விட்டுவிடாமல், மூலப் படத்தை அழிக்காமல் தேதியோடு சேமித்து வையுங்கள். இன்றைக்கு அதுதான் உங்கள் நெகட்டிவ்.