குரல் வந்து சேரும் நேரம்

வீட்டில் பாட்டு ரெக்கார்டிங் செய்ய லினக்ஸ் போதுமா என்று கேட்பவர்களிடம், "எதைப் பதிவு பண்ணப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். குரல், வீணை, வயலின், மிருதங்கம் என்று மனிதர்கள் வாசிப்பதை மைக் வைத்துப் பிடிப்பவர் ஒரு ரகம். கீபோர்டில் ஒரு விரலை வைத்து ஐம்பது வயலின்களை எழுப்பிப் பின்னணி இசை கட்டுபவர் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்குத் தாராளமாகப் போதும். இரண்டாம் ரகத்தாரின் கதை வேறு.

நான் முதல் ரகம். என்னிடம் இருப்பது ஒரு பழைய லேப்டாப், யூஎஸ்பியில் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், காதை முழுக்க மூடும் ஹெட்போன், அவ்வளவுதான். இன்டர்ஃபேஸ் வாங்கும்போது மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனி டிரைவர் எதுவும் கேட்காமல், யூஎஸ்பியின் பொது ஆடியோ விதிப்படி இயங்கும் கருவியாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஐபேடில் நேரடியாக வேலை செய்யும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் பெரும்பாலும் லினக்ஸிலும் வேலை செய்யும்.

ரெக்கார்டிங் மென்பொருள் ஆர்டோர். இதைத் தொடங்கிய பால் டேவிஸ், அமேசான் நிறுவனத்தின் ஆரம்ப கால நிரலாளர்களில் ஒருவர். அங்கிருந்து விலகி சில ஆண்டுகள் கழித்து இதில் இறங்கியவர், கால் நூற்றாண்டாக இதையே செதுக்கிக்கொண்டிருக்கிறார். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் ஆர்டோர் இலவசமாகவே கிடைக்கிறது. அவரிடமிருந்தே ஆயத்த வடிவில் வாங்கினால் சிறு தொகை தர வேண்டும். தருவதுதான் முறை என்பது என் கட்சி.

என் அத்தை முறையாகப் பாட்டுக் கற்றவர். முதன்முதலில் ஹெட்போனை மாட்டி மைக் முன்னால் பாடியபோது, இரண்டே வரியில் நிறுத்திவிட்டார். "என்னடா இது, என் குரல் எனக்குப் பின்னாடியே ஓடி வருது?"

வீட்டு ரெக்கார்டிங்கின் மூலச் சிக்கலே இதுதான். மைக்கில் விழும் குரலைக் கணினி எண்களாகத்தான் வாங்கிக்கொள்ளும். வினாடிக்கு 48,000 எண்கள். வர வர ஒவ்வொன்றாகக் கவனிக்க அதனால் முடியாது. ஒரு கட்டு சேரும்வரை காத்திருந்து, மொத்தமாக எடுத்து வேலை செய்து, பிறகு ஹெட்போனுக்கு அனுப்பும். அந்தக் கட்டுக்குப் பெயர் பஃபர். அதன் அளவு 1024 என்றால் ஒரு கட்டுக்கு 21 மில்லி வினாடி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று வைத்துக்கொண்டால் 42. காற்றில் ஒலி ஒரு மில்லி வினாடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர்தான் நகரும். ஆக, அத்தையின் குரல் 14 மீட்டர் தள்ளி நின்று யாரோ பாடுவதுபோல அவருக்கே கேட்டிருக்கிறது. பஃபரை 128 ஆக்கினால் போக வர ஐந்து மில்லி வினாடிச் சொச்சம், இரண்டு மீட்டருக்கும் குறைவு. இன்டர்ஃபேஸ் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். அப்போதும் கச்சேரி மேடையில் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் இடையில் இருக்கும் தூரத்தை ஒட்டித்தான் வரும். அத்தை அதை ஏற்றுக்கொண்டார்.

கணினியைத் தொடாமல் குரலை நேராக ஹெட்போனுக்குத் தரும் பொத்தான் இன்டர்ஃபேஸிலேயே உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அதில் வருவது மொட்டைக் குரல். மண்டபத்தின் கார்வை கொஞ்சம் காதில் விழுந்தால்தான் அத்தைக்குத் தொண்டை திறக்கும். அந்தக் கார்வையைச் சேர்க்கக் கணினி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

பஃபரைக் குறைப்பதற்கு ஒரு விலை உண்டு. 128 என்றால் இரண்டே முக்கால் மில்லி வினாடிக்குள் ஒவ்வொரு கட்டையும் முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் வைஃபையோ, அப்டேட் தேடும் நிரலோ குறுக்கே வந்து ஒரு முறை தவறினாலும் பதிவில் 'டிக்' என்று ஒரு சத்தம் விழும். இதை எக்ஸ்ரன் என்பார்கள். லினக்ஸ் எல்லா வேலைகளுக்கும் நேரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும் அமைப்பு. இசைக்குப் பங்கைவிட நேரம் தவறாமை முக்கியம். அதற்காகப் பால் டேவிஸே முன்னின்று உருவாக்கியதுதான் ஜாக். ஒரு நிரலின் ஒலியை இன்னொன்றுக்குள் வயர் இழுப்பதுபோல இணைக்கவும் விட்டது. ஆனால் யூடியூப் பார்க்க ஓர் ஒலி அமைப்பு, ரெக்கார்டிங்குக்கு ஜாக் என்று இரண்டு குடித்தனம் நெடுங்காலம் நடந்தது. ஒன்றை நிறுத்தி மற்றதை எழுப்புவதற்குள் பாட வந்தவர் காபி குடிக்கப் போய்விடுவார். விம் டெய்மன்ஸ் எழுதிய பைப்வயர் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. 2023இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. லினக்ஸின் மையமான கெர்னலுக்கு, நேரத்தைக் கறாராகக் காக்கும் திருத்தங்கள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனி ஒட்டாகவே கிடந்து, 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் முழுமையாக உள்ளே வந்தன. வீட்டில் பாடுபவருக்கு அந்த அளவுக்குக் கறார் தேவைப்படாது. வைஃபையை அணைத்து, ஆடியோ நிரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் சாதாரண கெர்னலே போதும்.

நம் இசைக்கென்று சில வேலைகள் இருக்கின்றன. இந்த மென்பொருள்கள் எல்லாம் திரையில் கட்டம் போட்டுத்தான் காலத்தைக் காட்டும். ஆலாபனைக்குக் கட்டம் ஏது? அதை மறைத்துவிட்டுத் தம்புரா ஒலியை ஒரு டிராக்கில் ஓடவிட்டால் போதும். மிஸ்ர சாபுவுக்கு ஏழு எண்ணிக்கை வைத்துக் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். சுருதியைத் தானாகத் திருத்தும் பிளக்-இன் பக்கம் மட்டும் போகாதீர்கள். பியானோவின் பன்னிரண்டு சுரங்களுக்கு இழுத்துக் கட்டி, தோடியின் காந்தாரத்தை அது கொன்றுவிடும்.

லினக்ஸோ வேறெதுவோ உதவாத இடம் ஒன்று உண்டு: வீடு. கண்டென்சர் மைக்குக்கு எதிர்வீட்டு மிக்ஸியும் கேட்கும், குக்கர் விசிலும் கேட்கும். மின்விசிறியை நிறுத்தாமல் வேலை நடக்காது, சித்திரை மாதத்திலும்கூட. எர்த் சரியில்லாத வீட்டில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கூடவே வரும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பல நேரம் அடங்கிவிடும். சுவருக்கு விலை உயர்ந்த ஃபோம் ஒட்டுவதற்கு முன், புடவை நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டிப் பாடச் சொல்லிப் பாருங்கள்.

இனி, இரண்டாம் ரகத்தார். உங்கள் பிழைப்பு விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே விற்கப்படும் வாத்திய நூலகங்களை நம்பியிருந்தால் இங்கே வர வேண்டாம். அவற்றை லினக்ஸில் ஓட்ட யாபிரிட்ஜ் போன்ற குறுக்கு வழிகள் இருக்கின்றன. பல பிளக்-இன்கள் ஓடவும் செய்கின்றன. ஆனால் உரிமத்தைச் சரிபார்க்கும் நிரல் ஒரு நாள் முரண்டு பிடித்தால், படத்தின் தேதி உங்களுக்காக நிற்காது. முதல் ரகத்தார் உபுண்டு ஸ்டூடியோ என்ற லினக்ஸ் வகையை ஒரு பென்டிரைவில் ஏற்றி, இருக்கிற விண்டோஸைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். இன்டர்ஃபேஸைச் செருகி, பஃபரை 128இல் வைத்து, பத்து நிமிடம் பாடிப் பாருங்கள். 'டிக்' விழவில்லையென்றால் உங்கள் லேப்டாப்பே போதும். புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.