ரெண்டு மணி நேரம் = ஒரு நிமிஷம்

டைம் லாப்ஸ்னா பெரிய கம்பசூத்திரம் எல்லாம் இல்லைங்க. கேமராவை அசையாம ஒரே இடத்துல வச்சு, குறிப்பிட்ட இடைவெளியில படமா எடுத்துத் தள்ளணும். அப்புறம் எல்லாத்தையும் வரிசையா ஓட்டணும். அஞ்சு வினாடிக்கு ஒரு படம்னா ரெண்டு மணி நேரத்துக்கு 1,440 படம். வினாடிக்கு 24 படம் வீதம் ஓட்டினா சரியா ஒரு நிமிஷம்.

சூட்சுமம் அந்த இடைவெளியிலதான் இருக்கு. மேகத்துக்கு அஞ்சு வினாடி போதும். மொட்டு விரியறதுக்கு நிமிஷக் கணக்கு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துல 1904லிருந்து, வானம் தெளிவா இருக்கிற நாள்ல எல்லாம் சூரியனைப் படம் பிடிச்சு வச்சிருக்காங்க. நாளுக்கு ஒரு படம்னு ஓட்டினா, சூரியப் புள்ளிகள் கூடிக் குறையற 11 வருஷச் சுற்று மூணு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும்!

"ஊத்தங்கரையில எடுக்க என்னடா இருக்கு, பாம்பாறு டேமுக்காவது போ"ன்னான் நண்பன். நான் போனது எங்க வீட்டு மொட்டை மாடிக்கு. சித்திரை மாசம், மதியம் ரெண்டு மணி. எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூணையும் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாத்திட்டேன். இல்லைன்னா படத்துக்குப் படம் வெளிச்சம் மாறி, ஓட்டும்போது மினுக்மினுக்னு கண்ணைக் குத்தும். வெயிலுக்கு கேமராவுக்கு ஒரு குடை. எனக்குப் பிடிக்கத்தான் ஆள் இல்லை :-)

மேகம் அருமையா வந்திருந்தது. கீழே இருந்தது ஒரு பக்கம் போகுது, மேலே இருந்தது வேற பக்கம் போகுது. நேர்ல பார்த்தப்ப எல்லாம் சும்மா நின்ன மாதிரிதான் இருந்தது.

ஆனா என் கண்ணு நின்னது படத்தோட கீழ் ஓரத்துல. பக்கத்து வீட்டு மாடியில முறத்துல வடகம் காயுது. தண்ணித் தொட்டியோட நிழல் மெல்ல நீண்டு வருது. அது முறத்தைத் தொடப் போற நேரமெல்லாம் பாட்டி அரை வினாடி தோன்றி மறையறாங்க. முறம் கிழக்கே ஒரு அடி தாவியிருக்கு. எண்ணிப் பார்த்தேன், ஆறு தடவை. அத்தனை தடவையும் படி ஏறி இறங்கியிருக்காங்க.

பாட்டிகிட்டக் காட்டினேன். "இதுல என்ன கண்ணு அதிசயம், தினம் பண்றதுதானே"ன்னாங்க. "அம்மா வீட்ல சும்மாதான் இருக்காங்க"ன்னு எல்லார்கிட்டயும் சொல்ற அவங்க பையன் பக்கத்துல நின்னு பார்த்தார். ஒண்ணும் பேசலை. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

முதல் தடவை எடுக்கப் போறீங்களா? மலை, அருவின்னு அலைய வேண்டாம். பேட்டரியை முழுசா ஏத்திக்குங்க, எல்லாம் சும்மா இருக்கிறதா நீங்க நினைக்கிற இடத்துல கேமராவை வைங்க.